பக்கவாதத்துக்கு ஊசி போடலாமா? கையெழுத்துக்கு முன் எடைபோட வேண்டியவை

ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஸ்கேன் முடிந்ததும் மருத்துவர் வெளியே வந்து சொல்கிறார்: "ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. போட்டா நல்லாக வாய்ப்புக் கூடும். ஆனா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், அதுல உயிர் போகவும் வாய்ப்பு இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க." அரை மணி நேரத்துக்கு முன்புவரை வீட்டில் சாதாரணமாக இருந்த மனிதரைப் பற்றி, முன்பின் கேள்விப்பட்டிராத மருந்துக்கு, சில நிமிடங்களில் முடிவு சொல்லியாக வேண்டும்.

நோயாளிக்கு நன்மை செய், தீங்கு செய்யாதே என்ற இரண்டும் மருத்துவ அறத்தின் அடிப்படைக் கடமைகள். பெரும்பாலான சிகிச்சைகளில் இவை ஒத்துப்போகும். இந்த ஊசியில் நேருக்கு நேர் மோதுகின்றன. நன்மை செய்யும் அதே மருந்துதான், அதே செயலால், சிலரைக் கொல்கிறது. அப்படியிருந்தும் உலகெங்கும் வழிகாட்டு நெறிகள் இதைப் பரிந்துரைக்கின்றன. அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் கீழே பார்க்கலாம்.

ஊசி என்ன செய்கிறது

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் ஊசியைப் பற்றி யாரும் பேச முடியாது. கசிவு வகைக்கு இந்த மருந்து விஷம்.

அடைப்பு வகையில், பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு கணக்கீடு. அடைப்பைச் சுற்றிலும் பட்டினி கிடந்தாலும் இன்னும் சாகாத பகுதி ஒன்று இருக்கும். ஆல்டிப்ளேஸ் என்ற மருந்து கட்டியைக் கரைத்து அந்தப் பகுதிக்கு ரத்தத்தைத் திருப்பிவிட முயல்கிறது. ஆனால் அதற்கு நல்ல கட்டி, கெட்ட கட்டி என்ற பேதம் தெரியாது. ரத்தம் கிடைக்காமல் நைந்துபோன குழாய்ச் சுவர் வழியாக, உறையும் திறன் குறைந்த ரத்தம் மூளைக்குள் கசிந்துவிடலாம். நன்மையைத் தனியே எடுத்துக்கொண்டு தீமையை விட்டுவிட வழியில்லாததற்கு இதுவே காரணம்.

நூறு பேரை வைத்துக் கணக்கு

அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்து 1995இல் வெளிவந்த ஆய்வுதான் இந்தச் சிகிச்சைக்கு வாசல் திறந்தது. பின்னர் 9 ஆய்வுகளின் 6,756 நோயாளிகளைச் சேர்த்து அலசிய தொகுப்பு 2014இல் வந்தது. அதன் எண்களை நூறு பேருக்கு என்று மாற்றிச் சொன்னால்:

1. முதல் 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 33 பேர், மூன்று முதல் ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், அன்றாட வேலைகள் அனைத்தையும் தாமே செய்யும் நிலையில் இருந்தார்கள். ஊசி போடாதவர்களில் 23 பேர். கூடுதல் 10.
2. 3 மணியிலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட்டவர்களில் 35 பேர், போடாதவர்களில் 30 பேர். கூடுதல் 5.
3. மூளைக்குள் பெரிய கசிவு ஏற்பட்டது ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 7 பேருக்கு, போடாதவர்களில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதல்.
4. அந்தக் கசிவால் முதல் வாரத்தில் இறந்தவர்கள் 2.7 பேர், ஊசி இல்லாதவர்களில் 0.4 பேர். அதாவது நூற்றுக்கு 2 பேருக்கும் சற்று அதிகமானோர் ஊசியின் விளைவாக இறந்தார்கள்.

இதே எண்களை வேறு விதமாகவும் சொல்லலாம். 1995 ஆய்வில் கசிவு 0.6 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமானது. "ஆபத்து பத்து மடங்கு" என்றாலும் உண்மை; "நூற்றில் 94 பேருக்குக் கசிவு வரவில்லை" என்றாலும் உண்மை. முதல் வாக்கியத்தைக் கேட்ட குடும்பம் வேண்டாம் என்னும், இரண்டாவதைக் கேட்டது சரி என்னும். நன்மையை மடங்கிலும் தீமையை நூற்றுக்கு இத்தனை என்றும் சொல்வது (அல்லது அதைத் திருப்பிச் சொல்வது) ஒப்புதல் வாங்குவது ஆகாது. கேட்பவரை நாம் விரும்பும் பக்கம் தள்ளிவிடுவதாகும். இரண்டு பக்கத்தையும் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற ஒரே அளவில், ஊசி போட்டால், போடாவிட்டால் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். மருத்துவர் அப்படிச் சொல்லாவிட்டால் குடும்பம் கேட்டு வாங்கலாம்.

இரண்டு முறை கழிக்கும் பிழை

படித்தவர்களும் ஏன் சில மருத்துவர்களும்கூட இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். "10 பேருக்கு நன்மை, 6 பேருக்குக் கசிவு, ஆக மீதி 4 பேருக்குத்தான் லாபம்" என்று கழிக்கிறார்கள். இது தப்பு. 33 என்ற எண், ஊசி போட்ட நூறு பேரில் கசிவு வந்தவர்களையும் இறந்தவர்களையும் உட்கொண்டு, எல்லாம் முடிந்தபின் எண்ணியது. கசிவில் மோசமானவர்கள் அந்த 33இல் இல்லை, மீதி 67இல் இருக்கிறார்கள். தீமை ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. மறுபடி கழித்தால் மருந்தை இருமுறை தண்டிக்கிறோம்.

கசிவு பெரும்பாலும் யாருக்கு வருகிறது என்பதும் முக்கியம். மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே சேதமானவர்களுக்கே அதிகம் வருகிறது. அவர்களில் பலர் ஊசி இல்லாவிட்டாலும் தேறியிருக்க மாட்டார்கள். எல்லாரும் அல்ல. தேறியிருக்கக்கூடிய ஒருவர் ஊசியால் இறப்பதும் நடக்கிறது. அதை எந்தச் சராசரியும் மறைக்கக் கூடாது.

உயிர் காக்கும் ஊசியா?

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பதுதான் குடும்பத்தின் முதல் கேள்வி. நேர்மையான பதில்: இந்த ஊசி உயிரைக் காப்பதற்காகப் போடப்படுவது அல்ல. அதே தொகுப்பில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 17.9 சதவீதம், போடாதவர்களில் 16.5 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. ஆனால் இறப்பு குறையவில்லை என்பது தெளிவு.

மாரடைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் இந்த எதிர்பார்ப்பு வருகிறது. மாரடைப்பில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து உயிரைக் காத்தது. 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 1988இல் வெளியான ஆய்வில், இதய, ரத்தக்குழாய் நோயால் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாகக் குறைந்தார்கள். அதே ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த 1990களின் ஆய்வுகள் கசிவும் மரணமும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டன. "கட்டியைக் கரைப்பது நல்லது" என்ற பொது நியாயம் செல்லுபடியாகவில்லை. எந்த மருந்து, எந்த உறுப்பு, எந்த அளவு என்பதுதான் நன்மையைத் தீர்மானித்தது.

ஆக, பக்கவாத ஊசியில் ஒரு தட்டில் இருப்பது ஊனமில்லாத வாழ்க்கைக்கான கூடுதல் வாய்ப்பு. மறு தட்டில் இருப்பது முதல் வாரத்தில் மரணம். இரண்டும் ஒரே எடைக்கல்லில் நிறுக்க முடியாதவை. எத்தனை பேர் எழுந்து நடப்பது ஒரு மரணத்துக்கு ஈடாகும் என்று எந்த ஆய்வும் சொல்லாது. பக்கவாதம் வரும் ஆபத்தில் இருந்தவர்களிடம் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் கடுமையான பக்கவாதத்தோடு வாழ்வது சாவைவிட மோசம் என்றார்கள். மறுபுறம், ஊனத்தோடு வாழப் பழகியவர்கள் தங்கள் வாழ்க்கையை வெளியே நிற்பவர்கள் நினைப்பதைவிட மேலாகவே மதிப்பிடுவதும் தெரிந்த விஷயம். எனவே "படுத்த படுக்கையா கிடக்கிறதுக்கு ரிஸ்க் எடுக்கலாம்" என்று மகனோ, "உயிரோட இருந்தா போதும்" என்று மருத்துவரோ தம் விருப்பத்தை நோயாளியின் விருப்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச முடியாவிட்டாலும் பல நோயாளிகளுக்கு நாம் சொல்வது புரியும். நினைவு தெளிவாக இருந்து, தலையசைக்க முடிந்தால், முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். இந்தச் சிறு மரியாதை பல இடங்களில் விட்டுப்போகிறது.

தாமதம் எதைத் தின்கிறது

நேரம் போகப் போக நன்மை குறைகிறது என்று மேலே பார்த்தோம்: 10, பிறகு 5. 4.5 மணி நேரம் கடந்தால் 33க்கு 31 என்று வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது. ஆனால் கசிவு ஆபத்து அதே வேகத்தில் மாறுவதில்லை. முதல் மணியில் போட்டாலும் நான்காம் மணியில் போட்டாலும் ஏறத்தாழ அதே அளவுதான் என்று 2014 தொகுப்பு காட்டியது. தாமதம் நன்மையை மட்டும் தின்கிறது, தீமையை அப்படியே விட்டுவைக்கிறது.

மற்ற பல சிகிச்சைகளில் "யோசித்துச் சொல்கிறோம்" என்பது பொறுப்பான பதில். இங்கே யோசிக்கும் நேரமே நோயாளியின் கணக்கிலிருந்து கழிகிறது. வெளியூரில் இருக்கும் அண்ணன் போனை எடுக்கும்வரை, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டு முடிக்கும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கு முன்பே, கையில் எண்ணெய் தேய்த்துப் பார்த்து, புறா ரத்தம் தடவி, "காலைல பார்த்துக்கலாம்" என்று படுக்கவைத்து நேரத்தைத் தொலைத்தவர்கள் இன்னும் அதிகம்.

நேரம் எப்போதிலிருந்து? அறிகுறியைக் கவனித்த நேரத்திலிருந்து அல்ல. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. இரவு 10 மணிக்குப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்தே தொடங்கும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட முடியும் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. நேரத்தைத் தெரியாமல் குறைத்துச் சொல்லும் உறவினர், நன்மை முடிந்துபோன பின்னும் நோயாளியை ஆபத்துக்கு உட்படுத்துகிறார்.

யாருக்கு எப்படிச் சாய்கிறது

அறிகுறி லேசாக இருப்பவர்கள்: வாய் கொஞ்சம் கோணல், விரல் நுனியில் மரத்துப்போன உணர்வு, ஆனால் நடக்க, பேச, வேலை செய்யத் தடையில்லை. இவர்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வந்தது, 313 பேர். ஊசி போட்டவர்களில் 78.2 சதவீதமும் ஆஸ்பிரின் மட்டும் வாங்கியவர்களில் 81.5 சதவீதமும் நல்ல நிலையில் இருந்தார்கள். கசிவு ஊசிக்காரர்களில் 3.2 சதவீதம், ஆஸ்பிரின்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே முடக்காத லேசான பக்கவாதத்துக்கு ஊசி வேண்டாம். "லேசு" என்பதை, பக்கவாதத்தின் கடுமையை அளக்க மருத்துவர் போடும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு கை விரல்கள் மட்டும் செயலிழந்தால் மதிப்பெண் குறைவாகவே வரும். தையல் தொழிலாளிக்கு அது வாழ்வாதாரமே போனது. இங்கே முடிவு மாறலாம்.

80 வயது கடந்தவர்கள்: ஒரு காலத்தில் இவர்களுக்கு மறுத்தார்கள். 3,035 பேரைச் சேர்த்து 2012இல் வெளிவந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் 80 கடந்தவர்கள். அவர்களுக்கும் பயன் இருந்தது. இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: முதல் 7 நாளில் இறப்பு ஊசிக்குழுவில் 11 சதவீதம், மற்றதில் 7. ஆறு மாதத்தில் இரண்டிலும் 27. ஊசி கொண்டுவரும் மரணம் முதலில், எல்லாரும் பார்க்க வருகிறது. ஊசி தவிர்க்கும் மரணம் மெதுவாக, வீட்டில், நிமோனியாவாகவும் படுக்கைப்புண்ணாகவும் வருகிறது.

தீமையைக் குறைக்கும் வேலைகள்

மேலே சொன்ன எண்கள் விதிகளைப் பின்பற்றி நடந்த ஆய்வுகளுக்கு உரியவை. விதி தளர்ந்தால் அந்த எண்களைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் உரிமையும் போய்விடும்.

1. சர்க்கரை பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரையும் பக்கவாதம்போல் கை காலை விழவைக்கும். அதற்கு குளுக்கோஸ் போதும்.
2. ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே வந்தபின்தான் ஊசி. போட்டபின் 24 மணி நேரம் 180/105க்குக் கீழே இருக்க வேண்டும். அழுத்தம் ஏறுவது கசிவுக்குப் பெரிய காரணம்.
3. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற சோதனை எண் 1.7ஐத் தாண்டியிருந்தால் போடக் கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் கூடாது. சந்தேகிக்கக் காரணம் இல்லாதவருக்கு இந்த முடிவுகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாத்திரை டப்பாவை வீட்டிலேயே விட்டு வருவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கேடு.
4. கடந்த 3 மாதத்தில் பக்கவாதமோ தலையில் பலத்த அடியோ, 2 வாரத்தில் பெரிய அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தால் சொல்லிவிட வேண்டும்.
5. எடை. ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடைக்கு 54 மில்லிகிராம்: அதில் 5.4 ஒரு நிமிடத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில். எடையைக் கண்ணால் ஊகித்துக் கூட்டிவிட்டால் கசிவும் கூடும். டெனெக்டிப்ளேஸ் என்ற புதிய மருந்தைக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், அதிகபட்சம் 25 என ஒரே தடவையில் போடலாம். கனடாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் இதன் பயனும் கசிவும் ஆல்டிப்ளேஸுக்கு இணையாகவே இருந்தன.

போட்ட பிறகு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு முறை அழுத்தமும் நரம்பு நிலையும் பார்க்க வேண்டும். திடீர்த் தலைவலி, வாந்தி, அழுத்தம் எகிறுவது, நினைவு மங்குவது இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்தி உடனே மறு ஸ்கேன். மறு ஸ்கேன் பார்க்காமல் 24 மணி நேரத்துக்கு ஆஸ்பிரினோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினோ கூடாது. இத்தனைக்கும் ஆள் இல்லாத இடத்தில், ஊசி கையிருப்பில் இருப்பது மட்டும் போதாது.

செய்ததால் வந்த கேடு, செய்யாமல் வந்த கேடு

ஊசி போட்டு ஒருவர் இறந்தால் காரணம் கண்ணெதிரே நிற்கிறது: கையெழுத்து, நேரம், போட்டவர் பெயர். ஊசி போடாமல் ஒருவர் முடங்கினால் அது "விதி" ஆகிவிடுகிறது. எந்த நூறில் எந்தப் பத்துப் பேர் எழுந்து நடந்திருப்பார்கள் என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அதனால் மருத்துவரும் குடும்பமும் செய்து வரும் கேட்டுக்கு அதிகமாகவும், செய்யாமல் வரும் கேட்டுக்குக் குறைவாகவும் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் இயல்பானது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் அஞ்சியவர் அல்ல, படுக்கையில் இருப்பவர். தீங்கு செய்யாதே என்ற கடமையை "எதுவும் செய்யாதே" என்று படித்துக்கொண்டால், மருத்துவரின் மன அமைதிக்காக நோயாளி ஆபத்தைச் சுமக்கிறார்.

அதற்காகக் குடும்பத்தை மிரட்டிக் கையெழுத்து வாங்குவதும் சரியில்லை. நோயாளி சொல்ல முடியாத நிலையில், உடனிருப்பவரும் யாரும் இல்லையென்றால், அவர் நலனுக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 30ஆம் பிரிவு. அமெரிக்காவில் 50 வயது கடந்தவர்களிடம் கேட்டு 2014இல் வெளியான ஆய்வில், தங்களுக்குக் கடும் பக்கவாதம் வந்தால் இந்த ஊசி வேண்டும் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 76 பேர். இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டும் என்றவர்களும் ஏறத்தாழ அதே அளவுதான். யாருமற்ற நோயாளிக்கு ஒப்புதல் இருப்பதாகக் கொள்வதற்கு இது ஒரு நியாயம். 76 என்பது 100 அல்ல என்பதால்தான், உடனிருக்கும் மனைவியோ மகளோ "அவர் இதை விரும்பமாட்டார்" என்று சொல்லும்போது நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னால்

ஊசிக்கு மறுத்தவர் சிகிச்சைக்கே மறுத்தவர் ஆகிவிடமாட்டார். பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 6 மணியிலிருந்து 24 மணி நேரம்வரை அது பயன் தந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று உடனே கேட்க வேண்டும். ஊசி போடாதவருக்கு, கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதியானபின், முதல் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்கலாம். விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மருத்துவரும் செவிலியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் ஒரே குழுவாகப் பார்க்கும் பக்கவாத வார்டில் சேர்ப்பது மரணத்தையும் முடக்கத்தையும் சேர்த்தே குறைக்கிறது. ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் அது பொருந்தும்.